அணுகுண்டுக்குள் நுழைந்த கேமரா: ‘ட்வின் பீக்ஸ்: தி ரிட்டர்ன்’ எட்டாம் பகுதி

2017 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் ஷோடைம் கட்டண அலைவரிசையில் ஒளிபரப்பான ‘ட்வின் பீக்ஸ்: தி ரிட்டர்ன்’ தொடரின் எட்டாம் பகுதி, ஒரே இரவில் தன் பார்வையாளர்களை இரு தரப்பாகப் பிரித்தது. தொலைக்காட்சி வரலாற்றிலேயே இதற்கு இணையாக வேறொன்று வந்ததில்லை என்று ஒரு தரப்பு கொண்டாடியது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் எங்கள் பொறுமையோடு விளையாடிவிட்டார் என்று மறு தரப்பு கொதித்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் முதல் தரப்போடு நின்றனர். அவர்கள் நின்ற இடத்தில்தான் நானும் நிற்கிறேன். ஆனால் எதிர்த்தவர்களின் காரணங்களில் சில மிக வலுவானவை என்பதையும், பாராட்டியவர்களில் பலர் தவறான ஒன்றுக்காகப் பாராட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை நேர்மையாக மதிப்பிட முடியாது. கதையின் முக்கியத் திருப்பங்களைத் தொட்டே எழுதுகிறேன் என்பதால், தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் பார்த்த பிறகு இதைப் படிப்பது நல்லது.

கோபத்தின் பின்னணியை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1990இல் ஏபிசி அலைவரிசையில் தொடங்கிய மூலத் தொடர், லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் கொலையை எஃப்பிஐ அதிகாரி டேல் கூப்பர் துப்பறியும் கதை. 1991இல் அது நிறுத்தப்பட்டபோது, கூப்பர் ஒரு மாய உலகில் சிக்கிக்கொள்ள, அவருடைய உருவத்தில் ஒரு தீய இரட்டை வெளியுலகுக்கு வந்துவிட்டிருந்தது. கால் நூற்றாண்டு காத்திருந்து 2017இல் தொடரின் முன் அமர்ந்த ரசிகர்களுக்குத் தங்கள் கூப்பரைத் திரும்பப் பெறவேண்டும் என்பதே முதல் ஆசையாக இருந்தது. லிஞ்சும் உடன் எழுதிய மார்க் ஃப்ராஸ்ட்டும் அதைத் தரவில்லை. கூப்பர் லாஸ் வேகஸ் நகரில் பேச்சும் நினைவும் அற்றவராக, ‘டகி ஜோன்ஸ்’ என்ற வேறொருவரின் வாழ்க்கையில் தடுமாறிக்கொண்டிருந்தார். ஏழாம் பகுதியில்தான் கதை வேகம் பிடித்தது. சிறையிலிருந்து தீய இரட்டை வெளியேறுகிறான். துப்பறிவாளர்கள் அவனை நெருங்குகிறார்கள். அடுத்த வாரம் ஏதோ வெடிக்கப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வெடித்தது 1945ஆம் ஆண்டின் அணுகுண்டு.

முதல் கால் மணி நேரம் பழகிய பாதையில்தான் செல்கிறது. தீய கூப்பரை அவனுடைய கூட்டாளி ரே இருண்ட சாலையோரத்தில் சுடுகிறான். உடலெங்கும் கரி அப்பிய மரவெட்டிகள் சிலர் இருளிலிருந்து நடுங்கும் உருவங்களாகத் தோன்றி, விழுந்து கிடப்பவனைச் சுற்றி மண்ணைப் பிராண்டி, குருதியை அவன் முகத்தில் பூசுகிறார்கள். அவன் உடலிலிருந்து வெளிப்படும் ஒரு கோளத்தில் பாப் என்ற தீய ஆவியின் முகம் தெரிகிறது. அந்த வேடத்தில் நடித்த ஃப்ராங்க் சில்வா 1995இலேயே காலமாகிவிட்டார் என்பதால் அவருடைய பழைய உருவத்தையே பயன்படுத்தியிருக்கிறார்கள். அடுத்து நைன் இன்ச் நெய்ல்ஸ் இசைக்குழு, ட்வின் பீக்ஸ் ஊரின் மதுக்கூடமான ரோட்ஹவுஸின் மேடையில் ஒரு முழுப்பாடலைப் பாடுகிறது. இந்தப் பாடலை நேரத்தை நிரப்பும் வேலை என்று சாடியவர்கள் உண்டு. மற்ற பகுதிகளில் அத்தியாயத்தின் இறுதியில் வரும் இசை நிகழ்ச்சி இங்கே முன்னால் வந்துவிடுகிறது. வழக்கமான அத்தியாயம் இத்துடன் முடிந்தது, இனி வருவது வேறு என்று அது அறிவித்துவிடுவதால், அந்த இடத்தில் அது தேவைதான் என்பது என் கருத்து.

பின் திரை கருப்பு வெள்ளையாகிறது. 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ், அதிகாலை 5.29 என்று எழுத்துகள் தோன்றுகின்றன. மனிதகுலம் முதன்முதலாக அணுகுண்டை வெடித்துப் பார்த்த டிரினிட்டி சோதனையின் நேரம் அது. வரலாற்றில் அந்தக் குண்டு சுமார் 30 மீட்டர் உயர எஃகுக் கோபுரத்தின் உச்சியில் வைத்து வெடிக்கப்பட்டது. அதன் வெப்பத்தில் பாலைவன மணல் உருகிப் பச்சை நிறக் கண்ணாடியாக உறைந்தது. லிஞ்ச் கோபுரத்தையோ, விஞ்ஞானிகளையோ, கறுப்புக் கண்ணாடி அணிந்த தளபதிகளையோ காட்டவில்லை. எண்ணிக்கையைக் கீழிறங்கிச் சொல்லும் ஒரு குரல், ஒரு வெண்ணிறப் பளிச்சிடல், வெகு தொலைவில் மெல்ல எழும் காளான் மேகம், அவ்வளவுதான். கேமரா அந்த மேகத்தை நோக்கிச் சிறிதும் அவசரமின்றி, எங்கும் வெட்டு விழாமல் நகர்ந்து, மேகத்தின் தண்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. உள்ளே மணற்பரல்களைப் போலச் சிதறும் புள்ளிகள், புகை, பின்பு நிறத்தோடு பொங்கும் நெருப்பு, மறுபடி இருள் என்று பல நிமிடங்கள் உருவமற்ற காட்சிகளாகவே ஓடுகின்றன. ஒளிப்பதிவாளர் பீட்டர் டெமிங்கின் பணியும் பிரெஞ்சு நிறுவனமான பஃப் செய்த கணினி வரைகலையும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இழைந்திருக்கின்றன.

இந்தக் காட்சியின் மேல் ஒலிப்பது, ஹிரோஷிமாவில் உயிரிழந்தவர்களுக்கான ஒப்பாரியாகப் போலந்து இசையமைப்பாளர் கிரிஸ்டோஃப் பெண்டெரெட்ஸ்கி அளித்த படைப்பு. 52 நரம்பிசைக் கருவிகள் ஒரே நேரத்தில் வீறிட்டு அலறும் அந்த இசைக்கு அவர் முதலில் வைத்த தலைப்பு, அது இசைக்கப்படும் கால அளவாகிய 8 நிமிடம் 37 விநாடி மட்டுமே. ஹிரோஷிமாவின் பெயர் பின்னர்தான் சேர்ந்தது. இந்த அத்தியாயத்தில் ஹிரோஷிமா ஒரு சட்டகத்தில்கூட வருவதில்லை. ஆனாலும் குண்டு பரிசோதிக்கப்படும் அந்தக் காலைப்பொழுதிலேயே, மூன்று வாரம் கழித்துச் சாகப்போகிறவர்களுக்கான ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. இந்த ஓர் இணைப்பை உணர்ந்துவிட்டால், இது பொருளற்ற வண்ணச் சிதறல் என்ற குற்றச்சாட்டு நிற்காது என்று உறுதியாக நம்புகிறேன். திரையில் உருவம் இல்லாத நிமிடங்களில்தான் இந்த அத்தியாயம் தன் கோபத்தை மிகத் தெளிவாகச் சொல்கிறது.

“ஒன்றுமே புரியவில்லை” என்பதுதான் எதிர்த்தவர்களிடம் அதிகம் கேட்ட சொல். “புரிய வேண்டியதில்லை, அனுபவிக்க வேண்டும்” என்பது ஆதரித்தவர்களிடம் அதிகம் கேட்ட பதில். இரண்டையுமே நான் ஏற்கவில்லை. நிதானமாகப் பார்த்தால் இந்தத் தொடரின் மிக நேரடியான கதைசொல்லல் இந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. குண்டு வெடிக்கிறது, அந்த வெடிப்பில் ஒரு கதவு திறக்கிறது, புகை சூழ்ந்த ஒரு சிறு கடையைச் சுற்றி மரவெட்டிகள் மொய்க்கிறார்கள், வெளிறிய ஓர் உருவம் தீமையைத் திரளாக உமிழ்கிறது, அதில் பாப் இருக்கிறான், கடல் நடுவே உயர்ந்த பாறைமேல் உள்ள ஒரு மாளிகையில் இதைக் கண்காணிப்பவர் பதிலுக்கு ஒரு பொன்னிறக் கோளத்தைப் பூமிக்கு அனுப்புகிறார், அதில் லாராவின் முகம் இருக்கிறது, 11 ஆண்டுகள் கழித்து, 1956இல், அதே பாலைவனத்தில் ஒரு முட்டை பொரிகிறது. காரணமும் விளைவும் வரிசை மாறாமல் வருகின்றன. வசனம் மட்டும்தான் இல்லை. வசனம் இல்லாததைப் பொருள் இல்லாததாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தொலைக்காட்சிதான் நமக்கு ஏற்படுத்தியது. அதே தொலைக்காட்சியில் ஒருவர் அதைக் கலைக்க முற்பட்டபோது அதிர்ச்சி எழுந்தது இயல்பே. ஆகவே, இதைப் பார்வையாளரின் அறிவுக்கு வைக்கப்பட்ட தேர்வாக மாற்றி, பிடிக்கவில்லை என்றவர்களைச் சராசரி ரசனை உடையவர்கள் என்று ஒதுக்கிய ரசிகர்கள் இந்த அத்தியாயத்துக்கு நன்மை செய்யவில்லை.

எதிர்ப்பின் மிகக் கனமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. லாரா பால்மர், பாப் ஆட்கொண்டிருந்த தன் சொந்தத் தந்தையின் வன்கொடுமைக்கு ஆளான பெண். மூலத் தொடரும், 1992இல் லிஞ்ச் எடுத்த திரைப்படமும், ஆவி, மாயம் என்றெல்லாம் எவ்வளவு பேசினாலும், ஒரு நடுத்தர வீட்டுக்குள் ஒரு மகளுக்கு நடந்ததையே தம் மையமாக வைத்திருந்தன. அந்தக் கொடுமையின் மூலத்தை அணுகுண்டுக்கும், லாராவை வானிலிருந்து அனுப்பப்பட்ட ஒளிக்கும் கொண்டுபோய்விட்டால், தந்தையின் குற்றம் கரைந்துபோகிறதல்லவா, அவளுடைய மனிதத் துயரம் புராணமாகிவிடுகிறதல்லவா என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. கேரல் ஸ்ட்ரைக்கன் ஏற்று நடித்த, பின்னர் ஃபயர்மேன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அந்த மாளிகையின் நெட்டை மனிதர் அந்தரத்தில் எழும்ப, அவர் தலையிலிருந்து பொன்னிற ஒளி பெருக, ஜாய் நாஷ் ஏற்று நடித்த, மாளிகையில் அவரோடு இருக்கும் சென்யோரீட்டா டீடோ அந்தக் கோளத்தை முத்தமிட்டு அனுப்பும் காட்சி, பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், எட்டாம் பகுதியின் மிகப் பலவீனமான இடம் என்றே கருதுகிறேன். வெடிப்பின் பயங்கரத்துக்கு முன் அது மிக எளிதில் கிடைத்த ஆறுதலாகத் தெரிகிறது. கதையின் பிற்பகுதி அந்த ஆறுதலைக் கடுமையாகவே சோதிக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி என்று பார்த்தவர்களுக்கு அன்றிரவு அது தெரிந்திருக்க வழியில்லை.

என் உறக்கத்தைக் கெடுத்தது கடைசி மூன்றில் ஒரு பங்கு. 1956 ஆகஸ்ட் 5. பொரிந்த முட்டையிலிருந்து தவளையின் கால்களும் பூச்சியின் சிறகுகளும் கொண்ட ஒன்று மணலில் ஊர்ந்து வெளியேறுகிறது. வேறோர் இடத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இரவில் வீட்டை நோக்கி நடக்கிறார்கள். அவள் தரையில் ஒரு செப்புக் காசைக் கண்டெடுக்கிறாள். லிங்கனின் முகம் மேலே இருப்பதால் அதிர்ஷ்டம் என்று மகிழ்கிறாள். வாசலில் பையன் தயங்கித் தயங்கி ஒரு முத்தம் தருகிறான். அதே நேரத்தில் ஒரு மரவெட்டி சாலையில் காரை மறித்து, சிகரெட்டை நீட்டி, தீ இருக்கிறதா என்று கரகரத்த குரலில் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அவனாக நடித்த ராபர்ட் ப்ரோஸ்கி லிங்கனின் சாயல் கொண்டவர், லிங்கனாகவே வேடமிட்டுப் பெயர் பெற்றவர். காசில் நற்சகுனமாகத் தெரிந்த முகமே, கரி பூசி, சாலையில் நடந்து வருகிறது. இதைத் தொடர் எங்கும் விளக்குவதில்லை. இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அவன் உள்ளூர் வானொலி நிலையத்துக்குள் நுழைகிறான். ‘தி பிளாட்டர்ஸ்’ குழுவின் மெல்லிய காதல் பாட்டு காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. வரவேற்பறைப் பெண்ணின் மண்டையோட்டை ஒற்றைக் கையால் நொறுக்கிவிட்டு, ஒலிவாங்கியைப் பிடித்து, நீரையும் கிணற்றையும் குதிரையையும் பற்றிய சில வரிகளை மந்திரம்போல் ஓதத் தொடங்குகிறான். கேட்டவர்கள் ஒவ்வொருவராக மயங்கிச் சரிகிறார்கள்: உணவகத்தில் வேலை செய்பவள், வாகனப் பட்டறையில் இருப்பவன், முத்தத்தின் நினைவோடு படுக்கையில் கிடக்கும் அந்தச் சிறுமி. சன்னல் வழியே வந்த பூச்சி அவளுடைய திறந்த வாய்க்குள் நுழைகிறது. அலறலோ பதற்றமான இசையோ இல்லை. வானொலியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. வீட்டுக்குள் வரும் அலைவரிசை வழியாகவே தீமை பரவுவதை, வீட்டுக்குள் வரும் இன்னோர் அலைவரிசையில் இருந்துகொண்டு காட்டுகிறார் லிஞ்ச். எதிர்த்தவர்களில் பலரும்கூட இந்தப் பகுதியை மட்டும் விலக்கிவைத்துப் பாராட்டியது வியப்பல்ல.

கோபத்தைக் கூட்டியதில் ஒளிபரப்பு முறைக்கும் பங்கு உண்டு. 18 பகுதிகளும் ஒரே நீண்ட திரைக்கதையாக எழுதப்பட்டு, ஒரே திரைப்படம்போல் படமாக்கப்பட்டு, பின்னரே துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. அப்படிப் பிரிந்த ஒரு துண்டை வார அத்தியாயமாக எதிர்கொண்ட பார்வையாளர்கள், அடுத்த பகுதிக்கு ஜூலை 9 வரை இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரசித்தவர்களுக்கு அது யோசிக்கக் கிடைத்த காலம். வெறுத்தவர்களுக்கு வெறுப்பு இறுகக் கிடைத்த காலம். பின்னாளில் பிரெஞ்சுத் திரைப்பட இதழான ‘கையே து சினெமா’ இந்த முழுத் தொடரையும் 2010களின் தலைசிறந்த திரைப்படமாகத் தேர்ந்தெடுத்தபோது, தொடரைத் திரைப்படம் என்று அழைக்கலாமா என்று மறுபடியும் ஒரு சண்டை மூண்டது.

பார்க்கும் முறையைப் பொறுத்து இந்த அத்தியாயம் பெரிதும் மாறுகிறது என்பதை வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2017 டிசம்பரில் வெளிவந்த ப்ளூ-ரே பதிப்பே பெரும்பாலோருக்குப் போதுமானது. 2019இல் 25,000 பிரதிகள் மட்டும் வெளியிடப்பட்ட முழுத்தொகுப்பில், மூலத் தொடரின் முதல் அத்தியாயமும் இந்த எட்டாம் பகுதியும் மட்டும் 4கே தரத்தில் சேர்க்கப்பட்டன. தயாரிப்பாளர்களே இதற்கு எந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. கைப்பேசியில் பார்த்தால், இருளில் மரவெட்டிகள் தோன்றும் காட்சிகளில் வெறும் கறுப்புத்தான் தெரியும். சுருக்கப்பட்ட இணைய ஒளிபரப்பில் வெடிப்பின் நுண்துகள்கள் கட்டம் கட்டமாக உடையும். அறையை இருட்டாக்கி, நல்ல ஒலிபெருக்கியோ ஹெட்ஃபோனோ வைத்துப் பாருங்கள். ஒலி வடிவமைப்பை லிஞ்சே செய்திருக்கிறார். மின்கம்பி அதிர்வதைப் போன்ற அந்த அடியொலி காதில் விழாமல் பார்ப்பது பாதி அத்தியாயத்தை இழப்பதற்குச் சமம்.

புகழைக் கேட்டு எட்டாம் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பாப் யார், லாரா யார் என்று தெரியாதவருக்கு அந்த இரண்டு கோளங்களும் வெறும் உருண்டைகளே. மூலத் தொடரையும் 1992 படத்தையும் பார்த்து, முதல் ஏழு பகுதிகளின் மந்தமான நடையையும் பொறுத்துக்கொண்டு வந்து சேர்பவருக்கே இது முழுமையாகக் கிடைக்கும். அப்படி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், மறுபடி பார்க்கும்படி வற்புறுத்தாமல் ஒன்பதாம் பகுதிக்கு நகர்ந்துவிடுங்கள். கதை அங்கே பழைய தடத்துக்குத் திரும்பிவிடுகிறது.