உப்புவெளியில மூண்டு நாள்: கடல் பாக்க ஓகே, கலியாணத்துக்கு வெளிக்கிட சரிவராது

திருகோணமலைக்குப் பக்கத்தில உப்புவெளியில நாங்கள் நிண்ட கெஸ்ட் ஹவுஸின்ர பேர் போடேல்ல, அங்க இருக்கிற அம்மா ஒராளுக்காக. அவா இல்லாட்டி பேரும் போட்டு போட்டோவும் போட்டிருப்பன்.

கம்பஸ் ஃபிரெண்ட் ஒருத்திக்கு திருகோணமலையில கலியாணம், ஞாயிறு விடிய முகூர்த்தம். பொசன் போயா, அதான் பௌத்த ஆக்களின்ர பௌர்ணமி லீவு, வெள்ளிக்கிழமையில விழுந்ததால லீவு பிரச்சினை இல்லை, ஆறு பொம்பிளையள் ஒரு வான் ஹயருக்கு பிடிச்சு கொழும்பு வெள்ளவத்தையில இருந்து காலமை அஞ்சு மணிக்கே வெளிக்கிட்டம். ஏன் அவ்வளவு வெள்ளன எண்டா டிரைவர் அண்ணை முதலே சொல்லிட்டார், ஹபரணை தாண்டி கந்தளாய் றோட்டில பொழுதுபட்டா ஓடமாட்டன், யானை வரும் எண்டு. 260 கிலோமீற்றருக்கு கிட்ட, வழமையா ஆறு ஏழு மணித்தியாலம். ஆனா பொசன் எண்டா தெரியும்தானே, குருநாகல் தாண்டினா சந்திக்கு சந்தி தன்சல் எண்டுற இலவச சாப்பாட்டுப் பந்தல், பெடியள் கொடியை ஆட்டி வானை மறிக்கிறாங்கள், ஒரு இடத்தில அவிச்ச கடலை, அடுத்ததில பெலிமல் எண்டுற வில்வம்பூ அவிச்ச தண்ணி, அதுக்கடுத்ததில மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும், வேண்டாம் எண்டா முகம் வாடிப்போகுது, பிறகென்ன எல்லாத்திலயும் இறங்கி சாப்பிட்டு சாப்பிட்டு போய் சேர பின்னேரம் மூண்டரை.

போனவுடன முதல் கடுப்பு. ஓனர் போனில கதைக்கேக்க அறை ஒண்டு 11,000 எண்டவர், நேரில 14,000 எண்டார், லோங் வீக்கெண்ட் மிஸ், எல்லா இடமும் இப்பிடித்தான். ரெண்டு அறை, மூண்டு இரவு, கணக்கை நீங்களே பாருங்கோ. அந்த நேரத்தில வேற எங்க போய் தேடுறது, ஓம் எண்டிட்டம். புக் பண்ணேக்க விலையை மெசேஜில எழுதி வாங்குங்கோ, நாங்கள் வாங்கேல்ல, எங்கட பிழை.

கடலைப் பற்றி ஒரு குறையும் சொல்லேலாது. கேற்றைத் திறந்து ரெண்டு நிமிசம் நடந்தா மணல். மே தொடக்கம் செப்டம்பர் மட்டும் அந்தப் பக்கம் கடல் குளம் மாதிரித்தான், இடுப்பளவு தண்ணியில கனதூரம் நடக்கலாம், வெள்ளவத்தை கடற்கரையில ரெயில் தண்டவாளத்தைத் தாண்டி கல்லுக்கு மேல இருந்து அலை பாக்கிற எங்களுக்கு அது வேற உலகம். கொழும்பில நாங்கள் கண்டது சூரியன் கடலுக்குள்ள போறதை மட்டும்தானே, அங்க கடலுக்குள்ள இருந்து வெளிய வருது. சனி இரவு சமைச்சுத் தந்த நண்டுக் கறியும் இடியப்பமும், முருங்கையிலை போட்டு வைச்ச கறி, அதுக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு.

இப்ப அறைக்கு வருவம். கண்ணாடி ஒண்டுதான், அதுவும் பாத்ரூமில, ஷேவ் எடுக்கிற ஆம்பிளைக்கு அளவா கொழுவி வைச்ச சின்னக் கண்ணாடி, கழுத்துக்குக் கீழ ஒண்டும் தெரியாது. பிளக் ரெண்டு, அதில ஒண்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால. தண்ணி சவர், சோப் நுரைக்காது, முழுகினா தலைமயிர் தும்பு மாதிரி நிக்குது. ரெண்டு நாள் கடலில குளிச்சிட்டு சோர்ட்ஸோட திரியிற ஆக்களுக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்லை. ஆறு பட்டுச்சீலை கட்டிற ஆக்களுக்கு விசயம்.

ஞாயிறு விடிய மூண்டு மணிக்கு எழும்பினம். முகூர்த்தம் ஆறு பத்துக்கு. ரெண்டு ஏசியும் ஓடுது, ஒருத்தி சீலை அயன் பண்ணுறாள், மற்றவள் தலைமயிர் ஸ்ட்ரெயிட் பண்ணுறாள், டக் எண்டு முழு வீடும் இருட்டு. ட்ரிப் ஆயிட்டுது. மெயின் சுவிட்ச் இருக்கிற அறையை பூட்டி திறப்பையும் கொண்டு ஓனர் டவுனுக்கு போயிருக்கிறார், போன் ஓஃப். எனக்கு அழுகை வந்திட்டுது, உண்மையா.

அப்பதான் பின் வீட்டில இருந்து அவரின்ர அம்மா டோர்ச்சோட வந்தவா. ஒண்டும் கேக்கேல்ல, சீலையளை ஒருக்கா பாத்திட்டு உள்ள போயிட்டா. கொஞ்சத்தால வரேக்க கையில பித்தளை ஸ்திரிக்கைப் பெட்டி, உள்ளுக்கு சிரட்டைக்கரி சிவப்பா எரியுது. வாழையிலையில ஒருக்கா தேய்ச்சு சூடு பாத்து, என்ர காஞ்சிபுரத்துக்கு மேல வெள்ளைத்துணி விரிச்சு, கரண்ட் அயனை விட வடிவா மடிப்பு எடுத்துத் தந்தவா. “பிள்ளையள், கரண்டே இல்லாத காலத்தில எத்தினை பொம்பிளையை வெளிக்கிடுத்தி அனுப்பினனான், நீங்கள் ஏன் கலங்கிறியள்” எண்டு சிரிச்சா. கொசுவம் பிடிச்சது அவா, பின் குத்தினது அவா, டிரைவர் அண்ணை வான் லைற்றைப் போட்டு விட்டார், நாங்கள் வரிசையா நிண்டு வானின்ர சைட் கண்ணாடியில பொட்டு வைச்சம். அஞ்சு நாப்பதுக்கு மண்டபத்தில நிண்டம்.

கலியாணம் வடிவா நடந்தது, சாப்பாடு வாழையிலையில, ரெண்டு தரம் பாயாசம் வாங்கினன், அவ்வளவுதான் சொல்லலாம். சீலையோடயே கோணேசர் கோயிலுக்கும் போனம். கோட்டைக்குள்ளால போகேக்க மான் எல்லாம் றோட்டில நிக்கும், என்ர ஃபிரெண்டின்ர தலையில இருந்த பூவை ஒண்டு எட்டிக் கடிக்கப் பாத்தது, கவனம். கோயிலடியில இருக்கிற இராவணன் வெட்டு எண்டுற மலைப்பிளவில நிண்டு கீழ பாக்கேக்க காத்துக்கு சீலை நிக்காது எண்டு நினைச்சன், அம்மா குத்தின பின் ஒண்டும் அசையேல்ல.

ஓனர் பத்து மணிக்கு வந்து சொறி மிஸ் எண்டார், ஒரு ரூபா குறைக்கேல்ல. ஏசி வேலை செய்யாத அந்த இரவுக்கும் முழுக்காசு. கார்ட் மெசின் இல்லை, காசாத்தான் வாங்கினவர். அம்மாவுக்கு ஏதும் குடுக்கப் போனா வாங்கமாட்டன் எண்டிட்டா, கடைசியில ஃபிரெண்ட் தந்த கலியாண பலகாரப் பெட்டியைக் குடுத்திட்டு வந்தம்.

நான் அஞ்சுக்கு மூண்டு போடுறன், அதில ரெண்டு அம்மாவுக்கு, ஒண்டு நண்டுக்கு. பிள்ளையளோட சும்மா கடல் குளிக்கப் போறவை தாராளமா போகலாம், போயா வராத வாரமா பாருங்கோ. கலியாணத்துக்கு எண்டா டவுனுக்குள்ள அறை எடுங்கோ, இல்லாட்டி ஒரு ஆளுயரக் கண்ணாடியும் ஒரு எக்ஸ்டென்சன் கோடும் முழுக ரெண்டு கான் நல்ல தண்ணியும் வானில ஏத்திக்கொண்டு போங்கோ.