அலாரமா, மாத்திரையா? படுக்கையை நனைக்கும் பையனுக்கு நாங்கள் எடுத்த முடிவு

என் மகனுக்கு எட்டு வயது. போன ஜூன் வரை வாரத்தில் ஐந்து இரவாவது படுக்கை நனையும். மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் என் பழைய வேட்டி, மொட்டை மாடிக் கொடியில் தினம் ஒரு போர்வை. மாத்திரை கொடுப்பதா, ஈரம் பட்டால் கத்துகிற அலாரத்தைக் கட்டிவிடுவதா என்று நானும் மனைவியும் இரண்டு மாதம் மல்லுக்கட்டினோம். கடைசியில் அலாரம்தான் வாங்கினோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பலருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குள் இதற்கு மருத்துவமே வேண்டாம். ஐந்து வயதிலும் 100 பிள்ளைகளில் சுமார் 15 பேர் நனைக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு ஆண்டுதோறும் தானாகவே நின்றுவிடும். தூக்கத்தில் தன்னையறியாமல் நனைப்பதற்கு அடியும் திட்டும் மருந்தாகாது. பரம்பரையும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 44 சதவீத வாய்ப்பு, இருவருக்கும் என்றால் 77. இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "நீ மட்டும் என்னவாம், நாலாங்கிளாஸ் வரைக்கும் பாயை நனைச்சவன்தானே" என்றாள். ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருந்தேன்.

டாக்டர் முதலில் கேட்டது சிறுநீரைப் பற்றி அல்ல. "தினம் வெளிக்குப் போறானா?" என்றார். மலம் தேங்கினால் குடல் புடைத்துச் சிறுநீர்ப்பையை நெருக்குமாம். அதைச் சரிசெய்யாமல் அலாரமோ மாத்திரையோ தொடங்க வேண்டாம் என்றார். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமலிருந்த பிள்ளை திடீரென்று நனைத்தால், தாகம் அதிகமாகி எடை குறைந்தால், சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால், பகலிலும் கசிந்தால் கதையே வேறு. அலாரம் வாங்கிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

மாத்திரையின் பெயர் டெஸ்மோப்ரெசின். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கிற வாசோப்ரெசின் என்ற ஹார்மோனின் செயற்கை வடிவம். கேட்கிற பிள்ளைக்கு முதல் ராத்திரியே கேட்கும். அதுதான் அதன் அழகு. நிபந்தனை ஒன்று: போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, போட்ட பிறகு எட்டு மணி நேரம் வரை தண்ணீர் கிட்டத்தட்டக் கூடாது. சிறுநீர் வெளியேறாத நேரத்தில் சொம்பு சொம்பாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகலாம். இதே மருந்தின் மூக்கு ஸ்பிரேயைப் படுக்கை நனைப்புக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007இல் சொன்னதும் இதனால்தான். காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கிற நாளில் மாத்திரையும் கிடையாது. நாங்கள் இதைப் பயன்படுத்தியது கொடைக்கானல் கல்யாணத்துக்குப் போன நான்கு இரவுகள் மட்டும். நான்கும் உலர்ந்த இரவுகள். மாதக்கணக்கில் கொடுத்த அனுபவம் எனக்கு இல்லை.

அலாரத்தில் மருந்தே கிடையாது. ஜட்டியில் ஒரு சென்சார், தோளில் ஒரு டப்பா. முதல் சொட்டிலேயே மின்சுற்று இணைந்து கத்தும். 1904இல் பவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், எந்தப் பிள்ளைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று நர்சுகளுக்குத் தெரியட்டுமே என ஒரு மணியைப் பொருத்தினார். பிள்ளைகள் நனைப்பதே குறைந்துபோயிற்று. 1938இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதி அதைச் சிகிச்சை முறையாகவே ஆக்கினார்கள்.

முதல் மூன்று வாரம் நரகம். அலாரத்துக்கு வீடே எழுந்தது, அவனைத் தவிர. "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு கார் ரிவர்ஸ் எடுக்கறது?" என்று கீழ்வீட்டு மாமி கேட்டுவிட்டார். பெரியவர் ஒருவர் எழுந்து, பையனை உலுக்கி, டப்பாவை அவன் கையாலேயே அணைக்கவைத்து, பாத்ரூம்வரை நடத்த வேண்டும். தூக்கிக்கொண்டு போய் உச்சா போகவைத்தால் பலனில்லை. நாலாவது வாரம் ஈரத் திட்டு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. அலாரமும் விடியலுக்குப் பக்கமாக நகர்ந்தது. நாலு வாரத்தில் இந்த அறிகுறிகூட இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்பதுதான் கணக்கு. எங்களுக்குத் தொடர்ந்து 14 இரவுகள் உலர்ந்து கிடைக்கப் பதினோரு வாரம் ஆனது.

இவ்வளவு பாடு எதற்கு, மாத்திரை போட்டால் முதல் நாளே காயுமே என்பீர்கள். மனைவியும் அதைத்தான் சொன்னாள். நான் பிடிவாதம் பிடித்தது ஒரே விஷயத்துக்காக: நிறுத்திய மறுநாள் என்ன ஆகும்? மாத்திரை சிறுநீரைக் குறைக்கிறதே தவிர, நிறைந்த சிறுநீர்ப்பைக்கு எழுந்திருக்கக் கற்றுத் தருவதில்லை. சட்டென்று நிறுத்தினால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பழையபடி நனையும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். அலாரம் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் பலன் தருகிறது. நின்ற பிறகு திரும்புவது மாத்திரையைவிடக் குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எங்களுக்குச் சாதகமாக இன்னொன்றும் இருந்தது. வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் சிறுநீர்ப்பையின் எதிர்பார்க்கப்படும் கொள்ளளவு மில்லி லிட்டரில் வரும். எட்டு வயதுக்கு 270. சனி, ஞாயிறு இரண்டு நாள் பகலில் அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தோம் (விடிந்ததும் போவது கணக்கில் வராது). 160ஐத் தாண்டவில்லை. பை சிறியதாக இருக்கிற பிள்ளைக்கு அலாரம் பொருந்தும். பை சரியான அளவில் இருந்து, இரவில் மட்டும் சிறுநீர் ஏராளமாக வந்தால் மாத்திரைக்கு வாய்ப்பு அதிகம்.

நைட் ஷிப்ட் போகிறவர்கள், கைக்குழந்தை இருக்கிற வீடு, ஒரே ஹாலில் ஆறு பேர் படுக்கிற குடும்பம்: இவர்களிடம் அலாரத்தை நான் வற்புறுத்த மாட்டேன். மூன்று மாதம் ராத்திரி எழ ஆளில்லாமல் அலாரம் வாங்குவது வீண்.

டிசம்பரில் சளிக் காய்ச்சல் வந்து மூன்று இரவு மறுபடி நனைத்தான். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பதினோரு வாரமும் தெரிந்தது. காய்ச்சல் விட்டதும் பாட்டரியைப் போட்டு அலாரத்தைக் கட்டினோம். இந்தமுறை ஒன்பதே நாள். அதிலும் கடைசி இரண்டு இரவு அலாரம் கத்துவதற்கு முன்பே தானாக எழுந்து போயிருக்கிறான். பாத்ரூம் விளக்கு விடிய விடிய எரிந்துகொண்டிருந்ததால்தான் எங்களுக்கே தெரிந்தது.