பெயர் தேய்ந்த பேஸ் கிட்டாரோடு ஆறு வருடம்

2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைக்கும் ஓடாத ஏர்கூலருக்கும் நடுவிலிருந்து இந்த பேஸ் கிட்டாரை இழுத்து வெளியே எடுத்தார் விற்ற தம்பி. கேட்ட விலை 14,000. பேசி முடித்தது 11,500, பையோடு சேர்த்து. கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் பெயர் இருக்க வேண்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கருப்பு ஸ்ப்ரே அடித்திருந்தார்.

"ஏம்பா இப்படி?"

"பேர் தெரியாத பிராண்டுன்னு பசங்க ஓட்டுனாங்கண்ணா. கடுப்புல தேய்ச்சிட்டேன்."

சரி, என்ன பெயர்தான் இருந்தது என்றால் அதுவும் மறந்துபோச்சாம்.

ஆகவே இது எந்த பிராண்டைப் பற்றிய கதையும் இல்லை. வடிவம் ஜாஸ் பேஸ். அமெரிக்க கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1960-ல் கொண்டுவந்து, பிறகு உலகம் முழுக்க எல்லோரும் நகலெடுத்த அதே வடிவம். 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 20 ஃப்ரெட் (விரல் அழுத்துமிடத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்), கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சிங்கிள் காயில் பிக்கப் இரண்டு, மூன்று நாப். பேட்டரி கிடையாது. எடை நாலு கிலோவுக்கு மேல். ஆறு மாதம் வாசித்துவிட்டு, நாலு பேருக்குத் தெரிந்த பெயர் உள்ள ஒன்றுக்கு மாறிவிடுவதாகத்தான் அப்போது திட்டம்.

வாங்கக் காரணம் நெக், இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி. அதுவரை எங்கள் சர்ச்சில் இருந்த, ஃபெண்டரின் இன்னொரு வடிவமான பிரெசிஷன் வகை பேஸில்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அதன் நெக், ஹெட்ஸ்டாக்கை ஒட்டிக் கம்பிகள் உட்காரும் நட் பக்கத்திலேயே அகலம், உள்ளங்கை நிறைந்துவிடும். இதில் நட் 38 மில்லிமீட்டர்தான். கட்டைவிரல் பின்னால் தானாகப் போய் உட்காருகிறது. இ, ஏ, டி, ஜி என்ற நாலு கம்பியையும் விரல் தேடாமல் தொட முடிகிறது. ஆனால் நெக் ஒல்லியாக இருப்பதால் தூரம் குறைந்துவிடாது. 34 அங்குல ஸ்கேலில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை ஐந்து அங்குலம். லீட் கிட்டாரில் பழகிய கை 'விரலுக்கு ஒரு ஃப்ரெட்' என்று அங்கே விரித்தால் மணிக்கட்டு ஒரு மாதத்தில் வலிக்கத் தொடங்கும். எனக்கு மூன்று வாரத்திலேயே வலித்தது. அப்புறம் நட்டுக்குப் பக்கத்து ஃப்ரெட்டுகளில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து அழுத்தும் பழைய டபுள் பேஸ் முறைக்கு மாறினேன். ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் போனால் விரலுக்கு ஒன்று.

கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில் பேஸ் வாசிப்பவனுக்குப் பெரிய மரியாதை இல்லை. கீபோர்டுக்காரர் இடது கையிலேயே பேஸை முடித்துவிடுவார், ஒரு ஆள் சம்பளம் மிச்சம். இருந்தும் இளையராஜா பாட்டு வந்தால் குழுத் தலைவர் திரும்பி என்னைப் பார்ப்பார். அந்தப் பாட்டுகளில் பேஸ் சும்மா ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டாகவே நடந்து போகும். அங்கே ஒல்லி நெக்கின் அருமை தெரியும். வியாசர்பாடி பக்கம் கானா மேடை என்றால் நேர் எதிர். தோலக்கும் ரிதம் பேடும் கனத்த கீழ் ஒலிகளின் இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நான் பாதி இடத்தில் வாசிக்காமல் இருந்தாலே நல்ல பேஸ் வாசிப்பு என்பார்கள்.

வாங்கிய முதல் மாதம் சுகமாக இல்லை. நட்டில் வெட்டுகள் உயரமாக இருந்ததால் முதல் இரண்டு ஃப்ரெட்டை அழுத்த நல்ல பலம் வேண்டியிருந்தது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். எனக்கு ஒரு காகிதக் கத்தை போகும் அளவு இருந்தது. ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஏ கம்பியின் வெட்டை ஒரேயடியாக ராவிவிட்டார்கள், விரல் வைக்காமல் திறந்து வாசித்தால் 'ர்ர்ர்' என்று அடித்தது. 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, "பழைய பீஸ், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கடைசியில் கை கொடுத்தது சமையலறைதான். வெட்டில் சிட்டிகை சமையல் சோடா, அதன்மேல் ஒரு சொட்டு ஃபெவிக்விக். நொடியில் கல்லாகிவிடும். பிறகு நிதானமாக நானே ராவி எடுத்தேன். ஆறு வருடமாக அது அப்படியே இருக்கிறது. ஸ்ட்ராப் மாட்டும் திருகு ஆடியதற்கும் இதே பாணி வைத்தியம்தான்: ஓட்டையில் இரண்டு தீக்குச்சி, கொஞ்சம் ஃபெவிகால்.

இரைச்சலைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் 'ம்ம்ம்' என்று ஹம் வரும். சிங்கிள் காயில் என்றாலே அப்படித்தான். இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் அடங்கிவிடும், ஏனென்றால் இரண்டு காயிலும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் எதிர்த் துருவத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் இரைச்சலை இன்னொன்று தின்றுவிடும். ரிச்சி தெருவில் 250 கிலோ ஓம் கண்ட்ரோல் மூன்றும் ஒரு கெபாசிட்டரும் வாங்கி மாற்றினேன், உள்ளே செப்பு டேப் ஒட்டினேன். பாதி குறைந்தது. மீதி பாதி மண்டபத்தின் கையில். எர்த் சரியில்லாத மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடினால் எந்த டேப்பும் காப்பாற்றாது. கம்பியிலிருந்து கையை எடுக்காமல் நிற்பது ஒன்றுதான் வழி.

நான் இருப்பது ராயபுரம், காசிமேடு நடக்கும் தூரம். இங்கே பேஸ் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வூண்ட் கம்பிகளில் புது செட் போட்டால் மூன்று வாரம் மணி போல ஒலிக்கும், நாலாவது வாரம் தகரம். கம்பிகளின் மறுமுனை உட்காரும் பிரிட்ஜில் உயரத்தைச் சரிசெய்யும் குட்டித் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. ஆலன் கீ போட்டுத் திருப்பியதில் ஒன்றின் தலை வழித்துக்கொண்டு போனது. தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையால் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்துத்தான் மற்றவற்றை மீட்டேன். இப்போது மாதம் ஒருமுறை எண்ணெய், வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன் என்று வீட்டில் கிண்டல்.

2022-ல் சலித்துப்போய், தட்டையான பட்டை சுற்றிய ஃபிளாட்வூண்ட் கம்பிகள் போட்டேன். நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அன்றைக்கு வலித்தது. ஆனால் இன்றுவரை அதே செட்தான். பட்டையாக வழவழவென்று இருப்பதால் அழுக்கும் உப்பும் இடுக்கில் புகுவது குறைவு, விரல் நகரும்போது வரும் கீச்சுச் சத்தமும் இல்லை. மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார் என்பார்கள். அவர் வாசித்ததும் ஃபிளாட்வூண்ட்தான். ஒன்று போனது, ஸ்லாப். கட்டைவிரலால் அடித்தால் பலகையைத் தட்டுவது போலத்தான் இருக்கிறது. எனக்கு அது நஷ்டமில்லை, இருபது வயதுப் பையன் என்றால் யோசியுங்கள்.

மழைக்காலத்தில் நெக் கொஞ்சம் முன்னால் வளையும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்ப்பேன். தாராளமாகப் போனால், நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடில் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நாளில் திருப்புவதில்லை. 2023 டிசம்பர் புயலின்போது பரணில் ஏற்றிவைத்தேன். தண்ணீர் தொடவில்லை, ஆனால் இரண்டு வாரம் அடித்த ஈரத்தில் அரைச் சுற்று தேவைப்பட்டது. ஜி கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டில் மட்டும் சத்தம் சீக்கிரம் செத்துவிடும். இந்த வகை நெக்கில் பரவலாக இருக்கும் குணம், நெக்கே அந்த அதிர்வை உறிஞ்சிவிடுகிறது. அதே ஸ்வரத்தை டி கம்பியில் பதினொன்றில் எடுத்துக்கொள்கிறேன்.

இடையில் இரண்டு முறை விற்கப் பார்த்தேன். 2021-ல் கச்சேரி எதுவும் இல்லாத நேரம். படம் போட்டதும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பாதிப் பேரின் முதல் வார்த்தையே "லாஸ்ட் பிரைஸ்?" மீதிப் பேர், "என்ன பிராண்ட் ப்ரோ?" தெரியாது என்று உண்மையைச் சொன்னதும் பதில் நின்றுபோனது. ஒருவர் மட்டும் உடைந்த மொபைலுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அடுத்த வருடம் நல்ல பெயருள்ள ஐந்து கம்பி பேஸ் ஒன்றை 24,000-க்கு வாங்கினேன். அதன் கீழ் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். நம் மண்டப ஸ்பீக்கரில் அது ஸ்வரமாக வரவில்லை, ஒரு காற்றாக வந்தது. இ கம்பியின் 41 ஹெர்ட்ஸுக்கே அங்கே மூச்சு வாங்கும். எட்டு மாதத்தில் விற்றேன். இரண்டே நாளில் போனது, அதே 24,000-க்கு. வாங்கியவர் ஆம்பில் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் கை மாற்றும் எண்ணம் இருந்தால் பெயருக்குக் காசு கொடுங்கள், அது திரும்பி வரும். பெயரில்லாத இதற்கு நான் இதுவரை செலவழித்தது, கம்பியும் ரிப்பேரும் சேர்த்து, ஏழாயிரத்துச் சொச்சம்.

இரண்டாவது முறை விற்கப் பார்த்தது 2024-ல். திருவொற்றியூரிலிருந்து ஒருவர் மெட்ரோவில் வந்தார். விஷயம் தெரிந்தவர். கேபிளும் ஹெட்போன் ஆம்பும் அவரே கொண்டுவந்திருந்தார். ஹெட்ஸ்டாக் பக்கம் கண்ணை வைத்து நெக்கைப் பார்த்தார், நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறினார், நாப்களைத் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு இருபது நிமிடம் எதுவும் பேசாமல் வாசித்தார். டீ ஆறிப்போனது.

"நெக் பிரமாதம்ணா" என்று கழற்றிக் கையில் கொடுத்தார். "ஆனா பேரே இல்லாம நான் அப்புறம் யார்கிட்ட விப்பேன்?"

போன மாதம் அவரே போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஏதோ ரெக்கார்டிங்காம், ஒரு நாளைக்கு மட்டும் அந்த பேஸ் கிடைக்குமா, வாடகை எவ்வளவு என்றார். கம்பியைக் கழற்றக் கூடாது, முடிந்ததும் துடைத்துத் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை வர வேண்டியது வியாழக்கிழமைதான் வந்தது.