விமான எரிபொருள் தொட்டிச் சோதனைக்கு மிதவை வால்வு: நான்கு வாங்கிப் பார்த்தேன், ஒன்று தேறியது

முதலில் வாங்கிய வால்வு தண்ணீரில் அவ்வளவு அழகாக வேலை செய்தது. மட்டம் கோட்டைத் தொட்டதும் மூடிக்கொண்டது. அதன்பின் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. மறுநாள் தண்ணீரை வடித்து, தொட்டியை நன்றாக உலர்த்தி, எரிபொருளுக்குப் பதிலாகச் சோதனைக்கு விடும் திரவத்தை விட்டோம். மட்டம் கோட்டைத் தாண்டியது. தாண்டி இன்னும் ஏறியது. 15 மில்லிமீட்டர் மேலே போய்த்தான் நின்றது. தொட்டியின் அளவு 1.2 மீட்டருக்கு 0.9 மீட்டர் என்பதால், அந்த 15 மில்லிமீட்டரில் 16 லிட்டர் கூடுதலாக உள்ளே வந்துவிட்டது. பழுது பார்த்த தொட்டியின் அளவுமானியைச் சரிபார்க்கும் இடத்தில் 16 லிட்டர் பிழையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் வேலை இதுதான்: விமானத்திலிருந்து கழற்றிச் சரிசெய்த எரிபொருள் தொட்டிகளையும் அவற்றின் பம்புகளையும் சோதிப்பது. சோதனை மேடையில் மேலே ஒரு சமமட்டத் தொட்டி இருக்கிறது. அதில் திரவமட்டம் அசையாமல் நின்றால்தான் கீழே பம்புக்குப் போகும் அழுத்தம் அசையாமல் இருக்கும். அந்த மட்டத்தைப் பிடித்து நிறுத்துவது மிதவை வால்வு: மட்டம் ஏற ஏற மிதக்கும் பந்தும் ஏறி, ஒரு கையின் வழியாக வால்வு வாயை மூடும். அதற்கு வரும் குழாயில் அழுத்தம் 3.5 பார். விமானத்தில் அழுத்தத்தோடு எரிபொருள் நிரப்பும்போது குழாய் முனையில் வழக்கமாக வைக்கும் உச்சவரம்பான 50 பிஎஸ்ஐயும் ஏறக்குறைய அதுதான்.

அந்த 15 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வால்வு வாய் 15 மில்லிமீட்டர் விட்டம். 3.5 பார் அழுத்தத்தில் அதை மூட 6.3 கிலோ விசை வேண்டும். பந்தைத் தாங்கும் கை பத்து மடங்கு நெம்புகோல், ஆகவே பந்து 0.63 கிலோ தூக்க வேண்டும். 150 மில்லிமீட்டர் ஸ்டீல் பந்தின் எடை 280 கிராம். அதையும் சேர்த்தால் 0.91 கிலோ. தண்ணீரில் பந்து பாதி மூழ்கினாலே இந்த விசை கிடைத்துவிடும். நாங்கள் விடுவதோ எம்ஐஎல்-பிஆர்எஃப்-7024 டைப் 2 என்ற அமெரிக்க ராணுவத் தரத்தின்படி செய்த சோதனைத் திரவம், அடர்த்தி தண்ணீருக்கு 1 என்றால் இதற்கு 0.77. அதில் பந்தின் மூன்றில் இரண்டு பங்கு மூழ்கினால்தான் வால்வு மூடும். அந்த வித்தியாசம்தான் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். கையின் எடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்குத்தான், ஆனாலும் தொட்டியில் அளந்ததோடு அப்படியே ஒத்துப்போனது. அன்றிலிருந்து விற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தத் திரவத்தில் பார்த்த அளவு?" என்பதுதான். பெரும்பாலும் தண்ணீர் என்றே பதில் வரும்.

அந்த முதல் வால்வின் உடல் பித்தளை. "எண்ணெய்க்கும் போகும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். போகாது. இரண்டே வாரத்தில் வாஷர் ஊதி, வாயில் இறுகி ஒட்டிக்கொண்டது. மட்டம் இறங்கியும் வால்வு திறக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ஈபிடிஎம் ரப்பர். தண்ணீருக்கு அது அருமையான ரப்பர், பெட்ரோலிய வகைகளில் உப்பிவிடும். வாஷரை மாற்றிவிடலாமே என்று கேட்டார்கள். பித்தளையை எப்படி மாற்றுவது? செம்பும் துத்தநாகமும் ஜெட் எரிபொருளோடு நீண்டநேரம் உறவாடக் கூடாது. குறிப்பாகச் செம்பு, எரிபொருள் சூட்டைத் தாங்கும் திறனைக் கெடுக்கும், பிசின் படியும். எங்கள் திரவம் சுற்றிச் சுற்றி வந்து அடுத்தவரின் விமானத் தொட்டிக்குள் போவது. அதனால் பித்தளையை அன்றே ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாவது, பிளாஸ்டிக் வால்வு. எடை குறைவு, துரு கிடையாது, பந்தும் நன்றாக மிதந்தது. மாட்டுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: பந்தைத் தாங்கும் உலோகக் கம்பிக்கும் தொட்டிக்கும் நடுவில் தொடர்பே இல்லை. கீல் முழுக்கப் பிளாஸ்டிக். எரிபொருள் குழாயில் ஓடும்போதும் வடிகட்டியைக் கடக்கும்போதும் நிலைமின்னூட்டம் சேரும். திரவத்துக்குள் எர்த் இல்லாமல் மிதக்கும் ஓர் உலோகத் துண்டு அந்த மின்னூட்டத்தைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டு, தொட்டிச் சுவர் அருகில் வரும்போது பொறியாக விட்டுவிடும். ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் ஆவி, பொறி பட்டால் தீப்பற்றும் வெப்பநிலைக்குக் கீழ்வரம்பு 38 டிகிரி செல்சியஸ். வெயில் காலத்தில் மூடிய கூடத்துக்குள் அது எட்டாத உயரம் இல்லை. அந்த வால்வை நான் மாட்டவே இல்லை.

இந்த நேரத்தில்தான் கூட வேலை செய்யும் பையன் கேட்டான்: "அண்ணா, மிதவை சுவிட்ச் ஒன்று போட்டு, மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வை இயக்கினால் முடிந்ததே?" நல்ல கேள்விதான். தீப்பொறி எழாத அளவுக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திச் செய்த சுவிட்சுகள் உண்டு, பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தேவையில்லாத ஒயர் எதையும் எரிபொருள் ஆவி நிற்கும் இடத்துக்குள் விட எனக்கு மனம் வராது. 1996 ஜூலை 17 அன்று டிடபிள்யூஏ 800 விமானத்தின் நடுத் தொட்டி வெடித்து 230 பேர் இறந்தார்கள். எது பொறி வைத்தது என்பதை அமெரிக்க விசாரணைக் குழுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட ஒரு ஷார்ட் சர்க்யூட், அளவுமானியின் ஒயர் வழியாக உள்ளே வந்திருக்கவே அதிக வாய்ப்பு என்றார்கள். அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்றாவது, பைலட் வகை. சின்ன மிதவை ஒரு சின்னத் துளையை மூடும்; அதனால் டயாஃப்ரம் என்ற நெகிழும் சவ்வுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, பெரிய வால்வு தானாக மூடிக்கொள்ளும். குழாயின் அழுத்தமே மூடும் வேலையைச் செய்வதால் திரவத்தின் அடர்த்தி இதற்குப் பெரிய பொருட்டில்லை. மெதுவாகவும் மெத்தென்றும் மூடியது. பெரிய குழாயும் வேகமான ஓட்டமும் இருக்கும் இடத்துக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் இரண்டு. மட்டம் 40 மில்லிமீட்டர் இறங்கிய பிறகுதான் திறந்தது. அசையாத மட்டம் கேட்கும் சோதனைக்கு அது மிக அதிகம். அப்புறம், பைலட் துளையில் ஒரு நூலிழை சிக்கி வால்வு பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. துடைத்த துணியிலிருந்து வந்த இழை அது. தப்பு எங்களுடையதுதான். ஆனாலும் ஒரு நூலிழையில் நின்றுபோகும் கருவியைத் தனியாக விட்டுவிட்டு நான் நகர முடியாது.

சரி, தேறிய வால்வுக்கு வருகிறேன். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடல், அதே உலோகத்தில் 150 மில்லிமீட்டர் பந்து, 25 மில்லிமீட்டர் இணைப்பு, ஃப்ளூரோகார்பன் ரப்பர் சீல். நேரடி வகை, பைலட் கிடையாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வாய் தனித் துண்டாகக் கழன்று வருவது. 15 மில்லிமீட்டர் வாயை எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் வாயைப் போட்டேன். மூட வேண்டிய விசை 6.3 கிலோவிலிருந்து 2.8 கிலோவுக்கு இறங்கியது. பந்து பாதிக்கும் குறைவாக மூழ்கினாலே போதும், மிச்சமெல்லாம் கைவசம் இருக்கும் பலம். பம்பின் அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மட்டம் முன்புபோல் ஆடவில்லை. ஓட்டம் நிமிடத்துக்கு 75 லிட்டராகக் குறைந்தது. அது எங்களுக்குத் தாராளம்.

ஃப்ளூரோகார்பன் சீல் வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டதற்கும் காரணம் உண்டு. நைட்ரைல் ரப்பரும் ஜெட் எரிபொருளைத் தாங்கும். ஒரே எரிபொருளில் கிடந்தால் தொல்லை இல்லை. எங்கள் மேடையில் சில நாள் ஜெட் ஏ-1, சில நாள் சோதனைத் திரவம். எரிபொருளில் இருக்கும் அரோமாட்டிக் பொருள்கள்தான் நைட்ரைலைக் கொஞ்சம் உப்ப வைக்கின்றன. அவை குறைந்த திரவத்துக்கு மாறியதும் ரப்பர் சுருங்கிக் கசியத் தொடங்கும். ஃப்ளூரோகார்பன் அவ்வளவாக ஆடாது. உறைகுளிரில் சோதனை செய்பவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட வேண்டாம். கடுங்குளிரில் இது விறைத்துப் போகும். அவர்களுக்கு ஃப்ளூரோசிலிகோன் சரியாக வரும்.

வெளிவாயில் மரை வெட்டியிருப்பது இன்னொரு நல்ல விஷயம். பல வால்வுகள் மேலேயிருந்து அப்படியே கொட்டிவிடும். எரிபொருளை அப்படிக் கொட்டவிடக் கூடாது. தெறித்தால் மின்னூட்டமும் கூடும், ஆவியும் கூடும். மரையில் 50 மில்லிமீட்டர் குழாயைப் பொருத்தித் தொட்டியின் அடிவரை இறக்கினேன். 25 மில்லிமீட்டரிலேயே விட்டிருந்தால் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர். அகலமாக்கியதும் 0.64 மீட்டர். குழாய் வாய் திரவத்தில் மூழ்கும்வரை நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது எரிபொருள் கையாள்பவர்களின் விதி. இப்போது எப்போதுமே அதற்குள்தான் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, எர்த் தானாகவே கிடைக்கும் என்று நினைத்தேன். கீலில் டெஃப்லான் புஷ் போட்டிருக்கிறார்கள்! கை வழுக்கிக்கொண்டு அசைகிறது, மின்தொடர்பு மட்டும் இல்லை. பிளாஸ்டிக் வால்வை எதற்காக ஒதுக்கினேனோ அதே குறை, உலோகச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மெல்லிய பின்னல் ஒயரைக் கையிலிருந்து உடலுக்கு இழுத்தேன். மீட்டர் ஒரு ஓமுக்கும் கீழே காட்டியது. தடித்த ஒயர் போடாதீர்கள், அதன் விறைப்பே பந்தைப் பிடித்து இழுக்கும்.

அடுத்தது அலை. பம்பின் திரும்புகுழாய் கிளப்பும் கலக்கத்தில் பந்து குதித்து, வால்வு படபடவென்று அடித்தது. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அடியைப் பொறுக்கக் கூடாது. ஓட்டம் திடீரென்று நின்றால், குழாயில் இருந்த வேகத்தில் நொடிக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 9 பார் அழுத்தம் பாயும். துளையிட்ட தகட்டைச் சுருட்டிப் பந்தைச் சுற்றி ஒரு கூடுபோல் நிறுத்தினேன், அதற்கும் எர்த் கொடுத்தேன். படபடப்பு அன்றே நின்றது.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கசிவுச் சோதனை நடக்கும்போது மிதவை வால்வுக்கு முன்னால் ஒரு கைவால்வைக் கட்டாயம் மூடுங்கள். இல்லாவிட்டால் தொட்டி ஒழுக ஒழுக இது சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். ஒழுகும் தொட்டிக்கு நல்ல சான்றிதழ் கிடைத்துவிடும். அது யாருடைய சிறகில் போய் உட்காரும் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம், இந்த வால்வையே கடைசிக் காவலாக நம்பாதீர்கள். மட்டம் மீறினால் திரவத்தை வெளியே விடும் வழிகுழாயை, உள்வரும் ஓட்டத்தைவிட அதிகம் தாங்கும்படி பெரிதாக வையுங்கள். விமானத்திலேயே, அழுத்தத்தோடு நிரப்பும் அமைப்பில் தானாக அடைக்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் பார்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் தகுதி விதி 25.979 சொல்கிறது. நாங்களும் தினமும் காலையில் பந்தைக் கையால் தூக்கி, ஓட்டம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம்.

எட்டு மாதமாக ஓடுகிறது. சீல் இன்னும் மாற்றவில்லை, மட்டம் 3 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. மூன்றாம் மாதத்தில் பந்தைப் பிடிக்கும் நட் தளர்ந்து, பந்து அரைச் சுற்றுத் திரும்பியிருந்தது. விமான எஞ்சினில் போல்ட்டுகளுக்குப் போடுவதுபோல நட்டில் துளையிட்டு லாக் ஒயர் முறுக்கினேன். அதன்பின் அது அசையவில்லை.