பதிவு முதலா, கூட்டம் முதலா? இந்தியாவில் இஏ சமூகம் வளர்க்க இரண்டு வழிகள்

2023 ஜனவரியில் ஜெய்ப்பூரில் நடந்த இஏஜிஎக்ஸ் இந்தியா மாநாட்டுக்குச் சென்னையிலிருந்து நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே விவாதம். இஏ என்கிற எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம், அதாவது கொடுக்கிற பணமும் போடுகிற உழைப்பும் எங்கே அதிகப் பலன் தரும் என்று ஆதாரம் பார்த்துக் கொடுக்கிற பழக்கம், இங்கே நாடு முழுக்கப் பரவ வேண்டுமானால் முதல் வேலை எது? பதிவு பெற்ற தேசிய அமைப்பு ஒன்றை ஆரம்பிப்பதா, ஊருக்கு ஊர் சின்னக் குழுக்களை வளர்த்துவிட்டு அமைப்பைப் பிறகு பார்த்துக்கொள்வதா?

நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தேசிய அமைப்புக்கு உள்ள சாதகங்களை நீட்டி முழக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகை, வங்கிக் கணக்கு, முழுநேர ஊழியர், நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினால் பதில் வரும் என்கிற மரியாதை. குழுவுக்கு இதில் எதுவுமே கிடையாது. செலவும் கிடையாது.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஆரம்பிப்பது ஒரு மாத வேலை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் யார் இழுப்பது?

லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கான பிரிவு 8 கம்பெனியாகப் பதிவு செய்தால் உறுப்பினர் பத்துப் பேரோ பத்தாயிரம் பேரோ, ஆண்டுத் தணிக்கை உண்டு. ஆண்டு அறிக்கைப் படிவங்கள் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் அபராதம். அமைப்புக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டும் முதலில் மூன்று வருஷத்துக்குத் தற்காலிகமாகத்தான் கிடைக்கும். பிறகு புதுப்பிக்க வேண்டும். 80ஜி வந்துவிட்டால் நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய். எங்களில் ஒருவன் இதையெல்லாம் ஆடிட்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். படித்து முடித்ததும், "மச்சான், இதைச் செய்யவே ஒரு ஆள் வேணும்டா" என்றான்.

சரி, சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பார்? அன்னதானத்துக்குக் கேட்டால் நம் ஊரில் பணம் வரும், பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் வரும். 'நன்றாக யோசித்துக் கொடுப்பவர்களைத் திரட்டப்போகிறோம்' என்றால் வராது. அப்போது கண் வெளிநாட்டு நிதி மேல் போகும். அங்கேதான் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் நிற்கிறது. வழக்கமான பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். முன் அனுமதி என்று இன்னொரு வழி உண்டு, ஆனால் அது குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் தடை வந்தது.

அந்தக் கைமாற்றத் தடைதான் எங்களை உட்கார வைத்தது. மேலே ஒரு தேசிய அமைப்பு நிதி வாங்கி, கீழே நகரக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்றுதான் நாங்கள் படம் போட்டு வைத்திருந்தோம். வெளிநாட்டுப் பணத்தை வைத்து இங்கே அந்தப் படத்தை வரையவே முடியாது. அப்படியே பணம் வந்தாலும் அது நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. இஏ வேலைகளுக்குப் பணம் கொடுத்துவந்த எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ நிறுவனம் 2022 நவம்பரில் கவிழ்ந்தபோது, அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போட்டிருந்த இஏ குழுக்கள் பல நாடுகளில் விழி பிதுங்கி நின்றதைப் பார்த்தோமே.

"ஜெர்மனியைப் பாரு" என்று நண்பன் ஒருவன் இன்னும் வாதாடுகிறான். நல்ல பலன் தரும் வேலைகளுக்கு நன்கொடை திரட்டித் தர 2019இல் தொடங்கிய எஃபெக்டிவ் ஷ்பெண்டன் அங்கே அமைப்பாகவே ஆரம்பித்து வளர்ந்தது உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்காவில் மலேரியாத் தடுப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கும் ஜெர்மன்காரருக்கு வரிச்சலுகை வாங்கித் தர அந்த அமைப்பால் முடிந்தது. இங்கே 80ஜி, இந்தியாவில் பதிவான அமைப்புக்குக் கொடுத்தால் மட்டும்தான். அதுவும் புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அறவே கிடையாது. சம்பளக்காரர் நிறையப் பேர் இப்போது அந்த முறைக்குத்தான் போய்விட்டார்கள். கடை போட்டால் விற்க நம்மிடம் என்ன சரக்கு இருக்கிறது?

கல்லூரிக் குழு என்று மூன்றாவது வழியும் உண்டு. தெரிந்த தம்பி ஒருவன் தன் கல்லூரியில் ஆரம்பித்தான். வாட்ஸ்அப்பில் 140 பேர், வாரம் ஒரு வாசிப்பு வட்டம், நல்ல கூட்டம். அவன் நான்காம் ஆண்டு முடித்து வேலைக்குப் போனான். குழுவின் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் அவன் பழைய போனோடு போய்விட்டது. இன்று அந்த வாட்ஸ்அப் குழுவில் வருவதெல்லாம் பிறந்தநாள் வாழ்த்துதான்.

நகரக் குழு தாக்குப்பிடிக்கக் காரணம், அதில் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பது. ஊரை விட்டுச் சட்டென்று போகமாட்டார்கள். கையில் சம்பளமும் இருக்கிறது. மாதம் முதல் ஞாயிறு நாலு மணிக்கு, ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். ஒன்பது பேர் வந்தால் பெரிய கூட்டம். ஒருமுறை ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 20,000 ரூபாய் சேர்த்து, எங்கே கொடுப்பது என்று விவாதித்தோம். பக்கத்துக் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒருநாள் விருந்தா, பீகாரிலும் மகாராஷ்டிராவிலும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் தேதியைப் பெற்றோருக்கு எஸ்எம்எஸ்ஸில் நினைவூட்டும் சுவீதா அமைப்பா? நான் தத்துவவாதி பீட்டர் சிங்கரின் குளத்தில் மூழ்கும் குழந்தை உதாரணத்தில் ஆரம்பித்தேன்: கண்ணெதிரே மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றுவோம் என்றால், தூரத்தில் சாகிற குழந்தைக்கும் உதவத்தான் வேண்டும். 1972இல் வந்த அந்தக் கட்டுரையே, அதற்கு முந்தைய வருஷம் கிழக்கு வங்காளத்திலிருந்து நம் நாட்டுக்குள் வந்த அகதிகளைப் பற்றியது என்பதையும் சொன்னேன். பேங்க்கில் ஓய்வு பெற்ற சார் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்க பாட்டி சொல்லும். அதுதானேப்பா?" என்றார். அதுதான் சார். அதற்கப்புறம் நான் குளத்துப் பக்கமே போவதில்லை.

ஜெய்ப்பூருக்கு அடுத்த இஏஜிஎக்ஸ் இந்தியா 2024 அக்டோபரில் பெங்களூரில்தான் நடந்தது. நடுவில் 21 மாதம். ஒரு மாநாட்டில் சூடேறி வந்தவனை அத்தனை மாதம் ஆறாமல் வைத்திருப்பது இந்த மாதிரி மொட்டைமாடிதான்.

குழுவால் முடியாததும் உண்டு. மண்டபம் பிடிக்க, ஒப்பந்தம் போட, அரசுத் துறையோடு பேசச் சட்டப்படி ஒரு பெயர் வேண்டும். மூன்று நான்கு நகரங்களில் குழுக்கள் இரண்டு வருஷம் தாங்கிவிட்டால், அப்போது ஒரு சின்ன ட்ரஸ்ட் பதிவு செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அனுபவம் சென்னையும் கொஞ்சம் பெங்களூரும்தான். ஆர்வமுள்ளவர் இரண்டே பேர் இருக்கிற ஊரில் இந்த வழி எடுபடுமா என்று நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு மாதாந்திர ஆன்லைன் சந்திப்பே போதுமாக இருக்கலாம்.

இப்போது எங்கள் குழுவின் கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கிறது. அதில் ஒருத்திக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருக்கிறது, ஜூனில் கிளம்புகிறாள். அங்கே ஒரு மொட்டைமாடி பார்க்கச் சொல்லியிருக்கிறோம். இங்கே அவள் இடத்துக்கு, பேங்க் சாரிடம் கேட்டிருக்கிறோம்.