பழைய ஷெவர்லே டிரக்கின் ஸ்பீடோமீட்டர் கேபிள்: அடியில் கையை விடுவதா, மீட்டரை இழுப்பதா, கியர் பாக்ஸில் தொடங்குவதா?

என்னுடையது 1979 ஷெவர்லே சி10. குளிர்காலக் காலையில் 40 மைல் வேகத்தில் போனால் முள் 30க்கும் 50க்கும் நடுவே ஊஞ்சலாடும். கூடவே டாஷ்போர்டுக்குள் ஒரு சில்வண்டு. இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கேபிள் காய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கழற்றி கிரீஸ் போட்டால் தீர்ந்துவிடக்கூடிய வேலை. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து கழற்றுவது?

1973 முதல் 1987 வரை வந்த, சதுர முகம் கொண்ட சி/கே பிக்கப்புகளை வைத்தே இதைச் சொல்கிறேன். இவற்றில் முள்ளை நகர்த்துவது மின்சாரம் அல்ல. கியர் பாக்ஸின் வால்பகுதியில் உள்ள சின்னப் பல்சக்கரம் கேபிளைச் சுற்றும். கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தம், தொடாமலே, ஓர் அலுமினியக் கிண்ணத்தைச் சுழல் மின்னோட்டத்தால் இழுக்கும். மயிரிழை போன்ற ஸ்பிரிங் ஒன்று அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டின் மல்லுக்கட்டுதான் முள் நிற்கும் இடம். ஓட்டோ ஷூல்ட்ஸே 1902இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. அமெரிக்க வண்டிகளில் மைலுக்கு 1000 சுற்று என்பது கணக்கு. அதாவது 60 மைல் வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1000 முறை சுற்றும். உறைக்குள் கிரீஸ் வறண்டால் கேபிள் ஒட்டி ஒட்டி விடுபடும், முள்ளும் கூடவே துள்ளும்.

நம்மூர் புல்லட்டில் கேபிள் கழற்றியவர்களுக்கு மரை நட்டு ஞாபகம் வரும். விரலால் திருகினால் கழன்றுவிடும். பழைய ஷெவர்லே டிரக்குகளிலும் மேல்முனையில் அப்படி நட்டுதான் இருந்தது. இந்தத் தலைமுறையிலோ ஸ்பீடோமீட்டரின் முதுகில் ஒரு சின்ன நாக்கு. அதை அழுத்திக்கொண்டே கேபிளைப் பின்னால் இழுக்க வேண்டும். ரிப்பேர் புத்தகங்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியில் சொல்லாதது ஒன்று: நாக்கு இருக்கும் இடத்துக்குக் கை போகாது. சரி, மீட்டரை முன்னால் இழுத்துக்கொள்ளலாம் என்றால், அதைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கேபிள்தான். நாய் வாலை நாயே துரத்துகிற கதை.

முதல் வழி, எதையும் கழற்றாமல் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விடுவது. தரையில் மல்லாந்து படுத்து, தலை பெடல்கள் பக்கம், கால் கதவுக்கு வெளியே. இடது கையை ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் மேலே விட்டு, கம்பிக் கற்றைகளை ஒதுக்கி, கேபிளின் தடித்த உறையைப் பிடித்துக்கொண்டு அது போய் முடியும் இடம் வரை தடவிப் போக வேண்டும். முடிவில் கட்டைவிரலுக்கு நாக்கு தட்டுப்படும். ஒல்லிக் கைக்காரர்களுக்கு ஐந்து நிமிட வேலை என்கிறார்கள். எனக்கு முக்கால் மணி நேரம் போய், முழங்கையில் இரண்டு கீறல்தான் மிச்சம். நாக்கு அழுந்தியது, ஆனால் கேபிள் வரவில்லை. பின்னால் இழுக்க வேண்டுமென்றால் கேபிள் போய்ச் சேரக் கொஞ்சம் இடம் வேண்டும். அது பயர்வாலின் (என்ஜின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) ரப்பர் வளையத்தில் இறுகிக் கிடந்தது.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. மீட்டர் பெட்டியின் முதுகில் ஓடுவது சாதாரண வயர் அல்ல, பிளாஸ்டிக் தாளில் பதித்த செப்புக் கோடுகள். விரல் எட்டவில்லை என்று நீளமான திருப்புளியை விட்டு நெம்பினால் அந்தத் தாள் கிழியும். அப்புறம் ஸ்பீடோமீட்டர் மட்டும் வேலை செய்யும், பெட்ரோல் முள் படுத்துவிடும், இண்டிகேட்டர் விளக்கு எரியாது. எந்த வழியில் போனாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். உலோக உறைபோட்ட கேபிளைக் கண்ணுக்குத் தெரியாத வயர்களுக்கு நடுவே இழுக்கப்போகிறீர்கள்.

இரண்டாவது வழி, முன்பக்கமாக மீட்டர் பெட்டியையே எடுப்பது. விளக்குப் பல்பு மாற்றவோ வேறு முள்ளைப் பார்க்கவோ வேண்டும் என்றால் எப்படியும் இதுதான். ஹெட்லைட் சுவிட்சின் குமிழைக் கழற்ற, சுவிட்சின் உடம்பில் உள்ள ஒரு பொத்தானை அடியிலிருந்து அழுத்திக்கொண்டு முன்னால் தண்டோடு உருவ வேண்டும். ரேடியோ குமிழ்கள், பிறகு முகப்புச் சட்டத்தின் திருகுகள். ஸ்டியரிங் தண்டில் கியர் லிவர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியென்றால், லிவரை ஆகக் கீழ் கியருக்கு இறக்கினால்தான் சட்டம் நெளியாமல் வெளியே வரும். அப்படி இறக்கிய பிறகு வண்டி பார்க்கில் இல்லை என்பது நினைவிருக்கட்டும்: பார்க்கிங் பிரேக்கை மிதித்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சட்டம் வந்தபின்தான் உண்மையான சிக்கல். எந்த கியர் என்று காட்டும் சின்ன முள்ளும் இதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதன் மெல்லிய இழை ஸ்டியரிங் தண்டில் மாட்டியிருக்கும். மறந்து இழுத்தால் அறுந்துவிடும். ஆயில் பிரஷர் காட்டும் முள் உள்ள சில வண்டிகளில் என்ஜினிலிருந்து நேராக ஒரு நுண்குழாய் மீட்டருக்கு வருகிறது. அதில் ஓடுவது வயர் அல்ல, எண்ணெய். அதை முறித்தால் கார்ப்பெட் கதி அதோகதி. இவை எல்லாவற்றையும் தாண்டி, பெட்டியை இரண்டு விரற்கடை முன்னால் கொண்டுவந்தால் கேபிள் விறைத்து நிற்கும். கை இப்போது மேல்பக்கமாகப் போகும் என்பது மட்டும்தான் லாபம்.

நாற்பது வயது தாண்டிய பிளாஸ்டிக் என்பதையும் மறக்கக் கூடாது. முகப்புச் சட்டம் வெயிலில் வெந்து அப்பளமாகியிருக்கும். திருகு காதுகளில் ஒன்றாவது உடையாமல் இந்த வேலை முடிந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். கேபிளுக்கு மட்டும் என்றால் இந்தப் பாடு தேவையே இல்லை என்பது என் கட்சி.

மூன்றாவது வழிக்கு நான் வந்தது தோற்றுப்போன பிறகுதான்: மேலே கைவைக்காமல் கீழே, கியர் பாக்ஸ் முனையில் தொடங்குவது. இங்கே நாக்கு, கிளிப் எதுவும் இல்லை. பழைய மரை நட்டேதான். அதன் மரை விட்டம் 7/8 அங்குலம், நம் பழைய கணக்கில் முக்காலே அரைக்கால். குறடால் ஓர் அசைப்பு, மிச்சத்தை விரலால் திருகிவிடலாம். என் வண்டியின் டர்போ 350 கியர் பாக்ஸில் அது ஓட்டுநர் பக்கம், வால்பகுதியில் இருக்கிறது. நான்கு சக்கர இயக்க வண்டியென்றால் டிரான்ஸ்பர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்பக்கம் தேடுங்கள். நட்டை மட்டும் கழற்றுங்கள். பக்கத்தில் பல்சக்கர உறையைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தொட்டால் கியர் ஆயில் முகத்தில் வடியும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். என்ஜின் ஆறியபிறகு போங்கள், சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது.

கீழ்முனை விடுபட்டதும், வண்டியின் அடிச்சட்டத்தோடு கேபிளைப் பிடித்திருக்கும் கவ்விகளை விடுவித்து, பயர்வாலின் ரப்பர் வளையத்தைத் தளர்த்தி, என்ஜின் பக்கத்திலிருந்து கேபிளை ஒரு சாண் உள்ளே தள்ளினேன். திரும்பப் போய் மல்லாந்து படுத்தேன். அதே கை, அதே நாக்கு. இந்தமுறை கேபிள் தானாகவே கழன்று மார்பில் விழுந்தது. நெளிவு கிடைத்துவிட்டால் முதல் வழியே போதும், இரண்டாவதும் பாதி சுலபமாகிவிடும்.

குரூஸ் கண்ட்ரோல் (பெடலை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) உள்ள வண்டி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கேபிள் இரண்டு துண்டு, நடுவில் என்ஜின் அறையில் குரூஸ் பெட்டி. அப்போது அடியில் போகவே வேண்டாம், அந்தப் பெட்டியில் மேல் கேபிளைக் கழற்றினாலே நெளிவு கிடைத்துவிடும்.

ஃபோர்டு எஃப் வரிசைக்காரர்கள் இங்கே ஒரு பெருமூச்சு விடலாம். அதே காலத்து ஃபோர்டில் அழுத்த வேண்டிய தகடு மீட்டரில் இல்லை, கேபிளின் பிளாஸ்டிக் தலையிலேயே இருக்கிறது. பிடிக்கும் விரலே அழுத்தும் விரல். பின்னால் கைபோக வேண்டிய அவஸ்தை அங்கும் உண்டு, ஆனால் இருட்டில் எதைத் தேடுகிறோம் என்ற குழப்பம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் நான் ஃபோர்டு பக்கம்.

உறை நல்ல நிலையில் இருந்தால் முழுக் கேபிளையும் வெளியே எடுக்க வேண்டாம். மேல்முனை கழன்றதும் உள்கம்பியை மட்டும் மேலே உருவிவிடலாம். அறுந்திருந்தால் மிச்சத் துண்டு கீழ்முனை வழியாகத்தான் வரும், ஆக அப்போதும் மூன்றாவது வழிதான். கிரீஸை உள்கம்பியின் கீழ் முக்கால் பங்குக்கு மட்டும், மெல்லிசாகத் தடவுங்கள். மேலே ஒரு சாண் காய்ந்தே இருக்கட்டும். சுற்றும்போது கிரீஸ் தானாக மேலே ஏறும், அதிகமானால் மீட்டருக்குள் போய் காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும்.

திரும்பப் பொருத்தும்போது மேல்முனை முதலில். உள்கம்பியின் சதுர நுனி மீட்டரின் துளையில் உட்காரும்வரை விரலால் லேசாகத் திருப்பி, 'டக்' என்ற சத்தம் வரும்வரை தள்ளுங்கள். கீழ் நட்டை உடனே மாட்டிவிடாதீர்கள். ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கீழே தொங்கும் நுனியை விரல்களால் வெடுக்கென்று சுழற்றுங்கள். மேலேயிருந்து "முள் அசையுது" என்று குரல் வந்தபிறகு நட்டைத் திருகலாம்.