கால் மிஷினா, கரண்ட் மிஷினா?

அம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் கோணிச்சாக்கு போர்த்திக் கிடந்த, காலால் மிதித்து ஓட்டும் தையல் மிஷினை மினி ஆட்டோவில் ஏற்றி ஈரோட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, வீட்டுக்காரர் ஒன்றுதான் கேட்டார்: “இதை எங்கே வைக்கிறது?” நியாயமான கேள்விதான். அப்போது எங்கள் சாப்பாட்டு மேஜையின் பாதியை ஏற்கெனவே இன்னொரு மிஷின் பிடித்திருந்தது. அது நாத்தனாருடைய கரண்ட் மிஷின். ஆசைப்பட்டு வாங்கினார், இரண்டு தலையணை உறை தைத்தார், அதோடு சரி. “நீங்களாவது ஓட்டுங்க அண்ணி” என்று என்னிடம் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் அதில் தைத்தேன். பிறகு கால் மிஷினுக்கு மாறி இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. “எதை வாங்கலாம்?” என்று கேட்கிறவர்களுக்கு இரண்டிலும் தைத்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் நான் எதற்குத் தைக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். என் பிளவுஸ் இன்னும் டெய்லரிடம்தான் போகிறது. வீட்டில் நான் தைப்பது தலையணை உறை, திரைச்சீலை, பழைய சேலையில் பாவாடை, சென்னிமலை பெட்ஷீட் கிழிந்தால் அதில் காய்கறிப் பை, மகளின் பொம்மைக்குச் சட்டை, மகனின் பள்ளி வேஷங்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கூலிக்குத் தைப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

எல்லோரும் கேட்கும் விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இடத்தில் கரண்ட் மிஷின்தான் ஜெயிக்கும். ஆறேழு கிலோ இருக்கும், வேலை முடிந்ததும் அலமாரியில் தூக்கி வைத்துவிடலாம். கால் மிஷினின் இரும்புக் கால்களை ஒருமுறை ஓரிடத்தில் போட்டால் போட்டதுதான். வேகத்திலும் கரண்ட் மிஷின்தான். விலையில் கால் மிஷின் மலிவு, எனக்கோ சும்மாவே கிடைத்தது. கரண்ட் போனாலும் கால் மிஷின் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் எனக்கு நிறைய வேலை முடிகிறது. டிவி ஓடாது, பிள்ளைகள் துணி மடிக்க வந்துவிடுவார்கள்.

கரண்ட் மிஷின் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டும் இடம் பனியன் துணி. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. காதர்பேட்டைக்குப் போனால் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் துணியும் சட்டைகளும் மலிவாகக் கிடைக்கும். பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய ஆசை. போன வருடம் மகனின் பள்ளியில் காய்கறி தினம் வந்தது. அவனுக்கு வந்த காய் கத்தரிக்காய். ஊதா நிறத்தில் அருமையான பனியன் துணி வாங்கிவந்து கால் மிஷினில் வைத்தால், நாலு தையல் விழுகிறது, அடுத்த மூன்றைத் தாவிவிடுகிறது. துணிக்கு அடியில் தினசரித்தாளைக் கீற்றாகக் கிழித்து வைத்துத் தைத்தேன். முனை மழுங்கிய பனியன் ஊசியும் மாற்றிப் பார்த்தேன். தையல் ஒருவழியாக விழுந்தது. ஆனால் நேர்த்தையல் துணியோடு சேர்ந்து இழுபடாது இல்லையா? மேடையில் “நான்தான் கத்தரிக்காய்” என்று அவன் இரண்டு கையையும் தூக்கியதும் அக்குளில் டர்ரென்று விட்டுவிட்டது. உள்ளே போட்டிருந்த வெள்ளை பனியன் தெரிய, கத்தரிக்காயை அரிந்த மாதிரியே இருந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சிரித்தார். கரண்ட் மிஷினில் ஜிக்ஜாக் தையல் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. துணி இழுக்கும்போது அந்த வளைவுத் தையலும் சேர்ந்து விரிந்து கொடுக்கும். பட்டன் மாட்டக் காஜா எடுப்பதும் அப்படித்தான். கரண்ட் மிஷினில் குமிழைத் திருப்பித் திருப்பி நாலு கட்டத்தில் முடித்துவிடலாம். கால் மிஷினில் அந்த வசதியே கிடையாது.

இவ்வளவு சொல்லிவிட்டும் நான் கால் மிஷின் பக்கம்தான். காரணம் ஒன்றே ஒன்று, ரிப்பேர்.

நாத்தனாரின் மிஷினில் ஒருநாள் வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸை வெட்டி, மகளுக்குப் பென்சில் பை தைத்துக்கொண்டிருந்தேன். மூலையில் துணி நாலு மடிப்பாக வந்தது. அந்த இடத்தில் கையால் சக்கரத்தைத் திருப்பி மெதுவாகக் கடந்திருக்க வேண்டும். நான் பெடலை அமுக்கிவிட்டேன். உள்ளே ‘டக்’ என்றது. அதற்குப் பிறகு ஊசி ஏறி இறங்குகிறது, தையல் மட்டும் விழவில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறதாம். தெருமுனை மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கம்பெனி சாமான்தான் வேணுமுங்க, நம்மகிட்ட கிடைக்காது” என்று திருப்பிக் கொடுத்தார். கம்பெனி சர்வீஸ் ஆளிடம் கொடுத்து, பாகம் வந்து, திரும்ப என் கைக்கு வர இருபத்து மூன்று நாள். செலவு 1,900 ரூபாய். அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிட்டோமே என்று அத்தனை நாளும் நாத்தனார் வரும்போதெல்லாம் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான், மிஷினைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் தைப்பதே இப்படிப்பட்ட துணிகளைத்தான்: பழைய ஜீன்ஸ், தடித்த பெட்ஷீட், கோணிப்பை. அதுவும் ஒரு கண்ணைப் பிள்ளைகள் மேல் வைத்துக்கொண்டு. இந்தத் தப்பு மறுபடியும் நடக்கும் என்று எனக்கே தெரியும்.

கால் மிஷின் வந்து இறங்கியபோது சக்கரம் அசையவே இல்லை. அதே மெக்கானிக் வந்தார். தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து விரலால் தடவி, மோந்து பார்த்தார். “யாருங்க அம்மிணி இதுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டது?” வேறு யார், என் அம்மாதான். மிஷின் எண்ணெய் தீர்ந்தால் தலைக்கு வைக்கும் புட்டியிலிருந்தே இரண்டு சொட்டு விடுவார். அது நாளாக ஆகப் பிசினாகி, மூட்டுக்கு மூட்டு இறுகிப்போயிருந்தது. மெக்கானிக் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஒரு மணி நேரம் கழித்து மஞ்சளாகக் கசடு வழிந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் என் மகளே தேய்த்தாள். காய்ந்து வெடித்திருந்த தோல் பெல்ட்டுக்குப் புதிது போட்டு, அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸும் மாற்றினார். கூலியோடு மொத்தம் 850 ரூபாய். மதியம் ஆரம்பித்த வேலை, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தையல் விழுந்துவிட்டது.

ரிப்பேர் இவ்வளவு சுலபமாக நடப்பது எப்படி என்றால், நம் ஊர் வீடுகளில் இருக்கும் கறுப்புத் தலை மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கரின் பழைய 15-ஆம் எண் மாதிரியை ஒட்டியவை. மேலே எந்தக் கம்பெனி பெயர் எழுதியிருந்தாலும் பாபினும் பாபின் கேஸும் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும். ஒருமுறை நூல் சிக்கி பாபின் கேஸின் சின்ன ஸ்பிரிங் வளைந்துவிட்டது. மகனைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் வேறு கேஸ் வாங்கிவந்து நானே மாட்டினேன். எங்கள் தெருவிலேயே சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்த மிஷின்கள் இரண்டு இருக்கின்றன. இப்படி வீட்டுக்கு வீடு ஓடுவதால் சாமான் கடையும் இருக்கிறது, மெக்கானிக்கும் இருக்கிறார். பெல்ட் தளர்ந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு, அதே கொக்கியைத் திரும்ப மாட்டினால் போதும். இப்போது அது என் மகளின் வேலை.

மகள் தைக்க ஆரம்பித்ததும் இதில்தான். கால் மிஷினில் முதல் தொல்லை, சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது. மிதி தவறினால் நூல் அறுந்துவிடும். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே அவளுக்கும் செய்தேன். நூலே கோக்காமல், பழைய ஊசி மாட்டி, கோடு போட்ட நோட்டுத்தாளைக் கொடுத்துக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னேன். வலது கையால் சக்கரத்தைத் தன் பக்கம் தள்ளிவிட்டு, குதிகாலும் முன்காலும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். முதல் தாள் கோழி கிளறிய மாதிரி இருந்தது. பதினைந்து இருபது தாளுக்குப் பிறகு ஓட்டைகள் கோட்டிலேயே வரிசையாக விழுந்தன. அந்தத் தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று தம்பிக்குக் காட்டினாள். அடுத்த வாரம் தைத்தது ஒரு மஞ்சப்பை. காது ஒன்று நீளம், ஒன்று குட்டை. அவள் அம்மிச்சி, அதாவது என் அம்மாதான் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார். கரண்ட் மிஷினின் பெடலை ஒரு குழந்தையின் காலடியில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள மாடல்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். நாத்தனாரின் மிஷினில் அது இல்லை, நான் ஓட்டிப் பார்த்ததும் இல்லை.

எம்பிராய்டரி போடும் கம்ப்யூட்டர் மிஷின்களைப் பற்றி நான் பேசக்கூடாது, கடையில் தொட்டுப் பார்த்ததோடு சரி. கால் மிஷினுக்கே சின்ன மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறார். முழங்கால் வலி உள்ளவர்கள் கேட்டால் அதைத்தான் சொல்வேன். விற்பதென்று வந்தால் கரண்ட் மிஷினுக்குப் பாதி விலையாவது தேறும் என்கிறார் நாத்தனார். கால் மிஷினைப் பழைய இரும்பு எடைக்குத்தான் கேட்பார்கள், அல்லது அந்த இரும்புக் கால்களின் மேல் கண்ணாடிப் பலகை போட்டுக் காபி வைக்கிற ஹோட்டல்காரர் யாராவது கேட்பார்.

வீட்டுக்காரரின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. ஹாலில் ஜன்னலோரம் இருந்த சோபாவின் ஒற்றை நாற்காலியை மாமியார் அறைக்கு மாற்றினோம். மிஷின் தலையை உள்ளே மடக்கி மூடினால் மேல்பலகையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். காஜாவுக்கு மட்டும் சட்டையை எடுத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போகிறேன். பனியன் துணி இப்போதெல்லாம் வாங்குவதில்லை. இந்த வருடக் காய்கறி தினத்துக்கு மகனுக்கு வந்திருப்பது பூசணிக்காய். காடாத் துணியில், அக்குளில் நாலு விரல் தாராளம் விட்டு வெட்டி வைத்திருக்கிறேன்.